அண்ணியின் வலது கண்

அன்றைக்குத் திரும்பி வந்த சட்டைகள் பதினான்கு. எல்லாம் வெள்ளை. எல்லாவற்றுக்கும் காலர் வைத்தவள் குட்டி.

குட்டி என்றால் சின்னப் பெண் இல்லை, நாற்பத்தொரு வயது. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பேர். கல்யாணமாகி, அது சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து எட்டு வருஷம் ஆன பிறகும் அந்தப் பேர் உதிரவில்லை. தையல் கம்பெனியில் மூன்றாவது வரிசையில் அவளுக்கு ஒரே வேலைதான், காலர் வைப்பது. ஒருத்தி தோளை மூட்டுவாள், ஒருத்தி கையைப் பொருத்துவாள், ஒருத்தி பொத்தான் வைப்பாள். சட்டை முழுசாகி, கடைசியில் செக்கிங் மேஜைக்குப் போகும். அந்த மேஜையில் பதினாறு வருஷமாக நிற்பவள் குட்டியின் அண்ணி.

அண்ணிக்குக் கம்பெனியில் 'லென்ஸ் அக்கா' என்று பேர். ட்யூப்லைட்டுக்குக் கீழே சட்டையை ஒரு உதறு உதறிப் பரப்புவாள். கண் ஒரு சுற்று சுற்றி வரும், அவ்வளவுதான். விட்டுப்போன தையலோ, வெட்டாத நூலோ, பொட்டளவு எண்ணெய்க் கறையோ, எதுவும் தப்பாது. குற்றம் இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். சொந்த நாத்தனார் என்று அதில் சலுகை ஏதும் கிடையாது.

ஆனாலும் ஒரே நாளில் பதினான்கு என்பது குட்டிக்கு இதுவரை நடந்ததில்லை. சூப்பர்வைசர் கட்டைத் தூக்கி வந்து அவள் மிஷின் மேல் போட்டார்.

"என்னம்மா, மிஷின்ல எண்ணெய் தெறிக்குதா? எல்லாத்துலயும் கருப்புப் புள்ளியாம்."

குட்டி ஊசிக் கம்பியைத் துடைத்துப் பார்த்தாள். வேஸ்ட் துணியில் நாலு வரி ஓட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. சட்டைகளை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். வெளியே பத்து நாளாக விடாத மழை, சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்திலும் துணி பளிச்சென்றுதான் இருந்தது. சட்டையைக் கையில் பிடித்தபடி நேராகச் செக்கிங் மேஜைக்கு நடந்தாள்.

"அண்ணி, இதுல எங்க இருக்கு கறை?"

"கண்ணு தெரியலையா உனக்கு? இதோ இருக்கு பாரு."

அண்ணி காலரின் மேல் நகத்தை வைத்துச் சுரண்டினாள். நகம் காலரிலிருந்து நகர்ந்து தோளுக்குப் போனது. தோளிலிருந்து பைக்கு இறங்கியது. எறும்பைத் துரத்துகிறவள் போலத் துணி முழுக்க அவள் விரல் ஓடியது. மூட்டுவாதத்தில் கணுக்கணுவாக வீங்கிய விரல். அண்ணி ஒரு நொடி கண்ணை இறுக மூடித் திறந்தாள். மறுபடியும் சுரண்டினாள்.

குட்டி அதைப் பார்த்தாள். இது என்னவோ சரியில்லை என்று மனசுக்குள் ஒன்று தட்டியதும் உண்மை. ஆனால் அதற்கு முந்தின நாள் காலையில் வீட்டில் நடந்தது அதைவிடப் பெரிசாக முன்னால் வந்து நின்றது. மழையில் எதுவும் காயாமல் முன்னறை முழுக்க ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்த நேரம். குட்டி தன் போர்வையையும் நாற்காலி மேல் விரித்துப் போட்டிருந்தாள். அண்ணி அதை எடுத்து மடித்துக்கொண்டே, "உன் வீடா இருந்தா இப்படிப் போடுவியா?" என்று கேட்டுவிட்டாள்.

உன் வீடு. எட்டு வருஷத்தில் அந்த வார்த்தை இரண்டு முறைதான் அண்ணியின் வாயிலிருந்து வந்திருக்கிறது. முதல் முறை வந்ததையே குட்டி இன்னும் மறக்கவில்லை.

"வீட்டுக் கோவத்தக் கம்பெனியில காட்டாதீங்க அண்ணி" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அண்ணியோடு பேசுவதை நிறுத்தினாள்.

ஒன்பது நாள். ஒரே அடுப்பில் இரண்டு பேரும் மாறி மாறிச் சமைத்தார்கள். ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அண்ணனுக்கு மழைக்காலம் என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரில் இருக்கிற அடைத்த குழாய், பொங்குகிற சாக்கடை, ஒழுகுகிற தொட்டி எல்லாம் அவரைத்தான் கூப்பிடும். முழங்கால் வரை சேறோடு வந்து, ரொட்டியைப் பருப்பில் தோய்த்து நாலு வாய் தின்றுவிட்டுச் சாய்ந்துவிடுவார். வீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது அவருக்கு ஆறாம் நாள்தான் உறைத்தது.

"என்ன, ரெண்டு பேரும் மௌன விரதமா? நல்லதுதான், வீடு அமைதியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் காலை. அண்ணி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டீ டம்ளருக்குள் விழவில்லை. டம்ளருக்கு வலது பக்கம் ஒரு விரல் தள்ளி, மேடை மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. சூடு காலில் சொட்டியபோதுதான் அண்ணி கையை இழுத்தாள். குட்டி ஓடிவந்து பாத்திரத்தை வாங்கினாள். நிமிர்ந்து பார்த்தால் அண்ணியின் வலது கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"எத்தனை நாளா அண்ணி இது?"

"தூசி."

"எத்தனை நாளா?"

அண்ணி மேடையைத் துடைக்கத் துணி தேடினாள். "பூச்சி பூச்சியா பறக்குது, குட்டி. கருப்பா. கண்ண மூடினாலும் போகல."

*

முதலில் போனது தெருமுனை கிளினிக். அங்கிருந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மூட்டுவாதத்துக்கு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அண்ணன் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிற ஏழு மாத்திரை, தினமும் சாப்பிடுகிற சின்ன ஸ்டீராய்டு ஒன்று. ஆறு வருஷமாக அதுதான் அண்ணியின் விரல்களை ஓட வைத்துக்கொண்டிருந்தது.

"மூட்டுவாதம் இருக்கிறவங்களுக்கு இப்படிக் கண்ணுலயும் வீக்கம் வரும்" என்றார் டாக்டர். அதில் தப்பில்லை, வருகிற விஷயம்தான். ஸ்டீராய்டைக் கூட்டி எழுதினார். சொட்டு மருந்தும் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

முதல் நாலு நாள் வீடு கல்யாண வீடு போல இருந்தது. கண்ணின் சிவப்பு இறங்கியது. அதைவிடப் பெரிய அதிசயம், அண்ணியின் கை. பல வருஷமாக முழுசாக மடங்காத விரல்கள் முஷ்டியாக மடங்கின. போர்வையை ஒரு முனையில் அண்ணனைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தானே முறுக்கிப் பிழிந்தாள்.

"இப்படிப் பிழிஞ்சா போர்வை கிழிஞ்சிரும்டி" என்றார் அண்ணன்.

"கிழியட்டும். எத்தனை வருஷமாச்சு இப்படிப் பிழிஞ்சு!"

குட்டியும் சிரித்தாள். பேச்சு திரும்பி வந்துவிட்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

ஐந்தாம் நாள் மதியம் கம்பெனியில் அண்ணி மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சூப்பர்வைசர் குட்டியைக் கூப்பிட்டார். "லென்ஸ் அக்காவுக்கு என்னமோ ஆகுது, வா."

"புகையா இருக்கு" என்றாள் அண்ணி. "கம்பெனி முழுக்கப் புகையா இருக்கு. எங்கேயாவது எரியுதா?"

எங்கேயும் எரியவில்லை.

*

பெரிய கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுவிட்டு உட்கார வைப்பார்கள். கண் பாப்பா விரியும் வரை உட்கார வேண்டும். விரியாவிட்டால் மறுபடி சொட்டு, மறுபடி உட்கார வேண்டும். நீளமான வராந்தா, பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாருக்கும் ஒரு கண்ணில் பஞ்சு. ஈரக் குடைகள் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தன. மூன்று மணி நேரம் போனபிறகு கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஐம்பது வயது இருக்கிற ஒரு அம்மா. தொண்டை கரகரத்த குரல். நாளெல்லாம் பேசிப் பேசி அப்படி ஆகியிருக்க வேண்டும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்துக்கொண்டு, வலது கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்குப் பக்கம் பாருங்க. பிறகு இடது கண். பிறகு மறுபடியும் வலது. விளக்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சமீபத்துல உடம்புல எங்கயாவது அக்கி வந்துச்சாம்மா?"

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணைக் காட்ட வந்த இடத்தில் இது என்ன கேள்வி?

"வந்துச்சு" என்றாள் குட்டி. "ரெண்டு மாசம் முன்னாடி. இடுப்புக்கு மேல, முதுகோரமா. கொப்புளம் கொப்புளமா. நான்தான் மருந்து போட்டுவிட்டேன்."

"சின்ன வயசுல அம்மை?"

"அது எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்" என்றாள் அண்ணி.

"வர்றதுதான். ஆனா அந்தக் கிருமி போறதில்ல. அம்மை இறங்கினதும் நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். வருஷக்கணக்காத் தூங்கும். உடம்போட எதிர்ப்பு சக்தி குறைஞ்சா எழுந்திருக்கும். உங்களுக்கு முதுகுல ஒரு தடவ எழுந்திருக்கு. இப்ப கண்ணுக்குள்ள. விழித்திரைன்னு உள்ள ஒரு படலம் இருக்கு, அதோட ஓரத்துல வெள்ளை வெள்ளையா திட்டு. அந்தத் திட்டெல்லாம் செத்துப் போன இடம். ஓரத்துல இருந்து நடுவ நோக்கி வருது."

"எதிர்ப்பு சக்தி எதுக்கு டாக்டர் குறையணும்? நல்லா சாப்பிடுறாளே" என்றார் அண்ணன்.

"மூட்டுவாதம்னா என்ன? உடம்பக் காக்க வேண்டிய சக்தி, தன் மூட்டையே கடிக்கிறது. அத அடக்கத்தான் அந்த ஞாயித்துக்கிழமை மாத்திரை. மூட்டு பிழைச்சுது. ஆனா காவலும் கொஞ்சம் அசந்துபோச்சு. இது எல்லாருக்கும் நடக்காது. உங்களுக்கு நடந்திருக்கு."

அண்ணன் குரல் இறங்கியது. "கூட்டிக் குடுத்தாரே ஸ்டீராய்டு, அது?"

டாக்டர் மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பாப்பாவ விரிச்சு ஓரம் வரைக்கும் பாத்தாத்தான் தெரியும். வெறும் வீக்கம்னா அது மருந்து. கிருமி இருந்து, கிருமிக்கு மருந்து குடுக்காம அத மட்டும் குடுத்தா கிருமிக்குக் கொண்டாட்டம்."

"கசிவு எங்கன்னு பாக்காம மோட்டாரப் போட்டு விட்டிருக்கோம்" என்றார் அண்ணன், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. அவருக்கு எதையும் குழாய் வழியாகத்தான் புரியும்.

"ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தை. குட்டி மட்டும் விரல் விட்டு எண்ணினாள். பத்து நாள் முன்னாடி என்றால், அவள் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்கள்.

அன்று மாலையே அண்ணியைச் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணிலிருந்து ஊசியால் ஒரு சொட்டு நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று அப்போதே மருந்தை ஆரம்பித்துவிட்டார் டாக்டர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையில் டிரிப். கண்ணுக்குள்ளேயே ஒரு ஊசி, நாலு நாள் கழித்து இன்னொன்று. கண்ணுக்குள் ஊசியா என்று குட்டி இரண்டு முறை கேட்டாள். அண்ணி நேராக உள்ளே போனாள். கண்ணை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள், ஊசி வருவது தெரியும், வலி தெரியாது, அழுத்துவது மட்டும் தெரியும் என்று வெளியே வந்து சொன்னாள். "பல் பிடுங்குறதுக்கு இது தேவலாம்."

மருந்து சிறுநீரகத்தில் தங்கக்கூடாது என்று தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அண்ணன் குடம் குடமாகக் கொண்டுவந்தார். "உலகத்துக்கே தண்ணி ஓட்டுறவன் நான். உனக்கு ஓட்ட மாட்டேனா?"

மூன்றாம் நாள் சோதனை முடிவு வந்தது. டாக்டர் சொன்ன கிருமியேதான். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நிறுத்தியாயிற்று. மூட்டு டாக்டரிடமும் பேசியாயிற்று.

எட்டாம் நாள் காலையில் கண் மறுபடியும் சிவந்து வீங்கியது. அண்ணன் பதறிப்போய் டாக்டரின் வழியை மறித்தார்.

"மருந்து குடுத்தும் சிவக்குதே டாக்டர்?"

"திட்டு பரவுறது நின்னிருக்கு. இந்தச் சிவப்பு கிருமி பண்றது இல்ல, உங்க வீட்டம்மா உடம்பு பண்றது. மாத்திரைய நிறுத்தினோம் இல்ல? காவல் முழிச்சிருக்கு. முழிச்ச கையோட கண்ணுக்குள்ளயே சண்டை போடுது."

"அது நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும்தான். கிருமிய அழிக்க அது வேணும். அளவு மீறினா விழித்திரைய அதுவே எரிச்சிரும். அதனாலதான் கிருமி மருந்துக்குத் துணையா கொஞ்சமா, பாத்துப் பாத்து, ஸ்டீராய்டும் குடுக்கிறோம்."

"அதே ஸ்டீராய்டா?"

"அதேதான்."

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணும் விளங்கல போ. அதுவே விஷம், அதுவே மருந்து. நம்மால எல்லாம் ஆகுறதில்ல இது."

*

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். மூன்று மாசத்துக்கு மேல் கிருமி மாத்திரை சாப்பிட வேண்டும், முக்கியமாக இடது கண்ணுக்காக. ஒரு கண்ணில் வந்தால் மற்றதிலும் வரப் பார்க்குமாம்.

கைக்கு வந்த தெம்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. விரல்கள் முதலில் வீங்கின, பிறகு மடங்க மறுத்தன. காலையில் அண்ணிக்கு ரவிக்கைப் பொத்தான் போடவும், தலை சீவவும், சோறு பிசையவும் ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் சூரியன் வரும்முன்னே சாக்கடை திறக்கப் போய்விடுவார். அண்ணியின் மகள் கட்டிக்கொடுத்த ஊரில் கைக்குழந்தையோடு இருந்தாள். தினமும் போனில் அழுவாள், அதற்குமேல் அவளால் ஆகாது. மிச்சம் இருந்தவள் குட்டி.

காலை எழுந்து சமைத்து, அண்ணிக்குப் பல் துலக்கிவிட்டு, மணி பார்த்துச் சொட்டு விட்டு, எட்டரை பஸ்ஸில் ஓடிக் காலர் வைத்து, திரும்பி வந்து துணி துவைத்து, மறுபடி சொட்டு விட்டு. அலுப்பு என்றால் உடம்பு அலுப்பு மட்டும் இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, இரண்டு நிறுத்தம் தாண்டிப்போய் இறங்கினாள். திரும்பி நடக்கும்போது அழுகை வந்தது. எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, கடையில் முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஐந்தாவது வாரம் அண்ணி சொன்னாள்: "குட்டி, மூக்குப் பக்கத்துல இருந்து ஒரு திரை ஏறுது."

செத்துப்போன இடத்தில் விழித்திரையில் ஓட்டை விழுந்து, ஓட்டை வழியாக நீர் புகுந்து, படலம் கழன்றுகொண்டிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல, இந்த ஒன்று மட்டும் அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"சுவத்துக்குப் பின்னால ஈரம் ஏறிப் பெயின்ட் உரியுற மாதிரி."

"அதே மாதிரி" என்றார் டாக்டர். "உரிஞ்சத ஒட்ட வெக்கணும். உள்ள எண்ணெய் நிரப்பி அழுத்தி வெப்போம். பத்து நாள் குப்புறத்தான் படுக்கணும். எழுந்தாலும் தலை குனிஞ்சே இருக்கணும்."

"ஒட்டினா பார்வை வருமா?"

"கண்ணு நிக்கும். பார்வை பெரிசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

*

அந்தப் பத்து நாளில் ஏழாம் நாள். ஞாயிற்றுக்கிழமை, மதியம். மழை விட்டுப் புழுக்கம் ஆரம்பித்திருந்தது. அண்ணன் யார் வீட்டுத் தொட்டியிலோ இறங்கியிருந்தார். அண்ணி கட்டிலில் குப்புறக் கிடந்தாள். நெற்றிக்கு ஒரு தலையணை, மார்புக்கு ஒன்று. முகம் கட்டில் ஓரத்துக்கு வெளியே தரையைப் பார்த்துத் தொங்கியது. கழுத்து மூட்டிலும் வாதம் இருந்ததால் மணிக்கு ஒரு தரம் குட்டி எண்ணெய் தொட்டுப் பிடித்துவிட வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை எறும்பு போச்சு அண்ணி?"

"எண்ணல. ஒரு கண்ணுல எறும்பு பாக்குறதுக்குப் பேசாமத் தூங்கலாம்."

குட்டி மறுபடி எண்ணெய் தொட்டுக்கொண்டாள். முகம் தெரியாமல், பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்ததால்தான் குட்டிக்கு அது வாயில் வந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு, அந்தப் பதினாலு சட்டை. நீங்க சுரண்டினப்போ நான் பாத்தேன். உங்க விரல் ஓடுச்சு, ஒரு இடத்துல நிக்கல. துணியில இருந்தா அது எப்படி ஓடும்? கண்ணுலதான் ஏதோன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. கோவத்துல வாய மூடிக்கிட்டேன். ஒன்பது நாள். டாக்டரம்மா சொன்னாங்க இல்ல, பத்து நாள் முன்னாடி வந்திருந்தான்னு. அந்த ஒன்பது நாள் என் கணக்குலதான் அண்ணி."

கழுத்தைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. அண்ணி தரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நிறுத்தாத, பிடி" என்றாள்.

குட்டி பிடித்தாள்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும்டி. உன் மூஞ்சியில தெரிஞ்சுது. அதுக்கு நாலு நாள் முன்னாடியே பூச்சி பறக்க ஆரம்பிச்சிருச்சு. நான் யார்கிட்டயாவது சொன்னேனா? கட்டுன புருஷன்கிட்ட சொல்லல. லென்ஸ் அக்காவுக்குக் கண்ணு போச்சுன்னா மறுநாளே மேஜைய எடுத்துருவாங்க. கறை துணியில இருக்கணும்னு வேண்டிக்கிட்டே ஸ்டிக்கர் ஒட்டினேன். உன் பீஸ்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன். நீ சண்டைக்கு வருவே, உன் சத்தத்துல என் சத்தம் அமுங்கிரும்னு."

குட்டிக்குக் கோபம் ஒரு பக்கம் எழுந்து பாதியில் உட்கார்ந்தது.

"நல்ல ஆளு அண்ணி நீங்க."

"நல்லவ இல்லதான். போர்வைய எடுத்துச் சொன்னது வேற இருக்கு." அண்ணி குரல் தலையணையில் அமுங்கி வந்தது. "அதுக்கும் சேத்து ஏதாவது சொல்லணும்னா சொல்லு. எழுந்து ஓடவும் முடியாது என்னால."

குட்டி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண் நிறைந்தது. அண்ணி அதைப் பார்க்க வழியில்லை என்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, உறிஞ்சு குழாய் போட்ட தண்ணீர் டம்ளரை அண்ணியின் வாய்க்கு நேராகத் தரையில் வைத்தாள்.

"குடிங்க. சொட்டு விட நேரமாச்சு."

*

நாலாவது மாசம் கடைசி வாரம் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அன்று ஏதோ பள்ளிக்கூடத்தில் குழாய் வெடித்துவிட்டது. குட்டிதான் லீவு போட்டுக் கூட்டிப்போனாள். அதற்குள் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷர், பேக்கிங் பிரிவில் இடம் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பேக்கிங் என்றால் சட்டை மடிக்க விரல் வேண்டும். அண்ணி அந்தச் செய்தியைக் கேட்டுத் தலையாட்டியதோடு சரி.

டாக்டர் இடது கண்ணை மறைத்து, வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஏதோ ஆடுது."

"விரல் எத்தனை?"

"விரலா?" என்றாள் அண்ணி.

பிறகு இடது கண். வில்லையை வைத்து, மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம். குட்டி அண்ணியின் வலது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் விளக்கைக் கழற்றினார்.

"சுத்தமா இருக்கு. ஒரு திட்டு கூட இல்ல. தப்பிச்சிருக்கு."

சந்தோஷப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அண்ணி மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இப்ப உங்க கையப் பத்திப் பேசணும்" என்றார் டாக்டர். "மூட்டு டாக்டர்கிட்ட பேசினேன். மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கலாம்ங்கிறார். பழைய அளவு குடுத்தா கை ஓரளவு பழையபடி வரும். ஆனா காவல் மறுபடி அசரும். கூடவே கிருமி மாத்திரை ஓடும்தான். இருந்தாலும் இடது கண்ணுக்கு ஆபத்தே இல்லன்னு நான் எழுதித் தர முடியாது. பாதி அளவு குடுத்தா கண்ணுக்கு அவ்வளவு பயமில்ல. கை முழுசா வராது. வலி இருக்கும், பொத்தான், தலை சீவுறது இதெல்லாம் கஷ்டம்தான். ரெண்டும் செய்யலாம்மா. நீங்க சொல்லுங்க, எது உங்களுக்கு முக்கியம்னு."

குட்டி, யோசித்துச் சொல்கிறோம், அண்ணனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள்.

"பாதியே குடுங்க டாக்டர். கண்ணு எனக்குத்தான் வேணும், அதுக்கு வேற ஆள் வர முடியாது. கைக்கு ஆள் இருக்கு."

சொல்லிக்கொண்டே பக்கத்தில் கையை நீட்டினாள். சொட்டு விட்டு மங்கியிருந்தாலும் பார்வை மிச்சம் இருந்த இடது பக்கம். அங்கே காலி நாற்காலிதான் இருந்தது. வீங்கிய விரல்கள் அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டு நின்றன.

என்னைக் கேட்டீர்களா என்று குட்டிக்கு ஒரு கணம் தோன்றியது. எட்டரை பஸ், சமையல், துவைக்கிற துணி, சீவுகிற தலை, இனி எத்தனை வருஷத்துக்கோ. டாக்டர் பேனாவோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆள் இருக்கா?' என்று கேட்கிற பார்வை.

குட்டி எழுந்தாள். அண்ணியின் முதுகுப் பக்கமாகச் சுற்றிவந்து, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க டாக்டர்" என்றாள்.